சின்னண்ணன் எதிர் ராமாத்தாள்

“கற்பனை,” என்றார் உண்ணாமலை.

கௌதமன் ‘க’ விசையைத் தட்டினான். திரையில் அடுத்த பதிவு வந்தது. அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, உதடு அசையப் படித்தார்.

“அசல்.”

‘அ’ விசை. அடுத்தது.

ராசிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன காப்பி, ஒரு தட்டு நிறைய வேகவைத்த கடலைக்காய். உண்ணாமலைக்கு அறுபத்திரண்டு வயது. வக்கீல். ‘வாய்தா வேண்டாம்’ என்ற பெயரில் தமிழில் சட்ட வலைப்பூ எழுதி வந்தார். கௌதமன் அவருடைய ஒரே மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். வார விடுமுறைக்கு வந்தவனை அம்மா பிடித்து உட்கார வைத்திருந்தார்.

வேலை இதுதான். வலைப்பூவின் ஒவ்வொரு பழைய பதிவின் தலையிலும் ஒரு குறிப்பு ஒட்ட வேண்டும். உண்மையான தீர்ப்பைப் பற்றிய பதிவுக்கு ஒரு குறிப்பு. உண்ணாமலை தாமே கட்டிய உதாரண வழக்குக்கு இன்னொரு குறிப்பு. ஒட்டுவதற்கு கௌதமன் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தான். எது அசல், எது கற்பனை என்று சொல்வது அம்மாவின் பங்கு.

“அம்மா, ராமாத்தாள்னு பேரு வந்தா அது கற்பனை. நிரலே கண்டுபிடிச்சிரும். நாம ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயி சாப்பிடலாம்.”

“அது கண்டுபிடிக்கும் சாமி. ஆனா அதுக்குச் சிரிக்கத் தெரியாதே.”

அவர் சிரித்தார். ராமாத்தாள் பக்கத்துத் தோட்டத்துக்காரன் சேவலின் மேல் இரைச்சல் வழக்குப் போட்ட பதிவு. எழுதியவரே முதன்முறை படிப்பதுபோல வாய்விட்டுச் சிரித்தார். கடலைத் தோல் விசைப்பலகை மேலெல்லாம் விழுந்தது. கௌதமன் அதை ஊதித் தள்ளிவிட்டு ‘க’ தட்டினான்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

உண்ணாமலையின் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் பட்டறையில்தான் வீட்டுப்பாடம். சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசினால்தான் பேச்சு. அந்தக் குரல் பிற்பாடு நீதிமன்றத்தில் பிழைப்பானது. அவர் கீழ்த்தளத்தில் குறுக்கு விசாரணை செய்தால் மாடியில் இருக்கிற சாட்சி உஷாராகிவிடுவான் என்று சக வக்கீல்கள் சொல்வார்கள். சேலத்தில் சட்டம் படித்தார். ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்துப் பையனான சுவாமிநாதனைக் கட்டிக்கொண்டார். சுவாமிநாதன் மின் வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவது குறைவு. வீட்டில் பேச்சுக்கு ஒரு ஆள் போதும் என்பது அவருடைய கருத்து.

உண்ணாமலைக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: வாய்தா. வழக்கைத் தள்ளிப்போட்டு வேறு தேதி வாங்குவது. எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தலைவலி என்றால் ஒரு வாய்தா, அவருடைய கட்சிக்காரர் மகளுக்குச் சீர் என்றால் ஒரு வாய்தா. மற்றவர்கள் கேட்டுப் பெறுவதை அவர் தடுக்க முடியாது. தாம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார். காய்ச்சலோடும் போனார். சொந்தத் தம்பி கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் பட்டுப்புடவைக்கு மேல் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு போய் வாதாடிவிட்டு, பந்திக்குத் திரும்பினார்.

வலைப்பூ ஒரு வேப்பமரத்தால் ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு கட்சிக்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

“எடுத்துக்குங்க வக்கீலம்மா. மரம் நம்முளுது ஆயிருச்சுங்க.”

“எந்த மரமுங்க?”

“பக்கத்துத் தோட்டத்து வேப்பமரமுங்க. கெளை நம்ம பக்கம் பன்னெண்டு வருசமா நீட்டிட்டு இருக்குதுங்களே. அப்பிடி நீட்டியிருந்தா மரமே நம்முளுதுன்னு புதுச் சட்டம் வந்துருக்குதுங்க. வாட்ஸப்புல வந்துச்சு. நேத்தே ஆளுங்களக் கூட்டிட்டுப் போயி வெட்டிட்டனுங்க.”

உண்ணாமலை கையில் எடுத்த மைசூர்பாக்கைத் திரும்ப வைத்துவிட்டார்.

அன்று மாலை கௌதமன் விடுமுறையில் வீட்டில் இருந்தான். “இந்தப் பொய்யெல்லாம் அனுப்பறவனுக்கு ஒரு செல்லுப் போதுதே. பதில் சொல்றதுக்கு நான் ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கோணுமா?” என்று அம்மா அவனிடம் கேட்டார். அவன் இரவுச் சாப்பாட்டுக்குள் ஒரு வலைப்பூவை அமைத்துக் கொடுத்தான். முதல் பதிவின் தலைப்பு, ‘கிளை வந்தால் மரம் வராது’.

பிறகு அது பழக்கமானது. காலையில் குளித்ததும் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று முந்தைய நாள் தீர்ப்புகளைப் படிப்பார். டெல்லியிலும் சென்னையிலும் சட்டப்பதிவு எழுதுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார். அவர்களில் பலர் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரமான புகார். தாம் தீர்ப்பின் கடைசிப் பக்கம்வரை பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். நூற்றெண்பது பக்கத் தீர்ப்பு என்றால் பதிவு அடுத்த வாரம்தான் வரும். அதற்குள் ஊரெல்லாம் அதைப் பேசி முடித்திருக்கும். கவலைப்படமாட்டார்.

சட்டத்தை விளக்க அவருக்கு எப்போதும் இரண்டு ஆட்கள் வேண்டும். சின்னண்ணன், ராமாத்தாள். செக் திரும்பி வந்தால் கொடுத்தவர் ராமாத்தாள், வாங்கியவர் சின்னண்ணன். பொதுவழியை மறித்து வேலி போட்டால் போட்டவர் ராமாத்தாள். ஆடு மேய்ந்தால் அது ராமாத்தாளின் ஆடு.

“எங்க படிப்புலயும் இப்படி ரெண்டு பேரு உண்டும்மா,” என்று கௌதமன் ஒருதரம் சொன்னான். “ஆலிஸ், பாப். எல்லாப் புத்தகத்துலயும் இவங்களே ஒருத்தருக்கொருத்தர் ரகசியச் சேதி அனுப்பிட்டு இருப்பாங்க.”

“அவங்களுக்குள்ள என்ன தகராறு?”

“தகராறெல்லாம் இல்ல. நடுவுல ஈவ்னு ஒருத்தி ஒட்டுக்கேப்பா.”

“அப்ப அவதான் ராமாத்தாள்.”

வாசகர்கள் தீர்ப்புகளை மறந்தாலும் இந்த இருவரை மறக்கவில்லை. கெங்கவல்லியிலிருந்து ரமேஷ்குமார் என்ற உரக்கடைக்காரர் ஒவ்வொரு பதிவுக்கும் கருத்துப் போடுவார். அவர் சின்னண்ணன் கட்சி. “நீதி வென்றது. அண்ணன் வாழ்க!” என்று எழுதுவார். குமாரபாளையத்திலிருந்து ஒருவர், “ராமாத்தாளுக்கு வக்கீல் சரியில்லை, உடனே மாற்றவும்” என்று பதில் போடுவார். ராமாத்தாள் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. அதற்குக் காரணம் கேட்டால், “அவதானப்பா தைரியமா தப்புப் பண்றவ. தப்புப் பண்ணாத்தான சட்டம் வெளங்கும்?” என்பார் உண்ணாமலை.

ஒரே ஒரு வழக்கில் மட்டும் இருவருமே ஜெயிக்கவில்லை. கிணற்று வழக்கு.

கூட்டுக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ராமாத்தாளின் முறையன்று நாள் முழுவதும் மின்சாரம் இல்லை. மறுநாள் விடிவதற்குள் போய் மோட்டாரைப் போட்டுவிட்டாள். அது சின்னண்ணன் முறை. மின்சாரம் போன நாள் யார் கணக்கு? உண்ணாமலை ஒரு நீதிபதியைக் கற்பனை செய்து, அவர் வாயால் தீர்ப்பும் சொல்ல வைத்தார்: “கரண்ட் போன நாள் கிணற்றின் நாள், அது யாருடைய கணக்கிலும் சேராது.” கீழே விளையாட்டாக ஒரு மேற்கோள் எண்ணும் போட்டுவிட்டார். 2021 (3) கெ.மே.தீ. 88. ‘கெணத்துமேட்டுத் தீர்ப்புகள்’ என்பதன் சுருக்கம்.

அதைப் படித்த சுவாமிநாதன், “கரண்ட் போனதுக்கு நான் பொறுப்பில்லை,” என்று மட்டும் சொன்னார். அது பல வருடங்களுக்கு முந்தைய பேச்சு.

இந்த வருடம் தை மாதம் உண்ணாமலை மிகவும் ரசித்து ஒரு பதிவு எழுதினார். வெளிநாட்டில் எங்கோ ஒரு வக்கீல், செயற்கை நுண்ணறிவைக் கேட்டு, அது சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் அடுக்கிவிட்டார். அத்தனையும் உலகத்தில் இல்லாத தீர்ப்புகள். நீதிபதி அபராதம் போட்டார். உலகத்துச் சட்ட வலைப்பூக்கள் எல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்தன. உண்ணாமலையும் பேசினார். கடைசி வரி: “நம் ஊரில் இது நடக்காது. நம் ஊரில் தீர்ப்பின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, காப்பி எங்கே?”

மாசி பிறந்தது. ஒருநாள் மாலை கைப்பேசி அடித்தது. கௌதமன் வீட்டில் இருந்தான்.

“மேடம், வணக்கமுங்க. சௌந்தர்யா பேசறனுங்க. மல்லசமுத்திரமுங்க. போன வருசந்தான் வக்கீலா என்ரோல் பண்ணுனனுங்க. உங்க வலைப்பூவை இப்பத்தான் பாத்தனுங்க.”

“சொல்லு கண்ணு.”

“உங்ககிட்ட ஒரு தீர்ப்போட காப்பி கேக்கலாம்னுங்க மேடம். எங்க தேடியும் கெடைக்கலீங்க, உங்க வலைப்பூவுல மட்டுந்தான் நம்பரோட இருக்குதுங்க. சின்னண்ணன் எதிர் ராமாத்தாள்.”

உண்ணாமலை பட்டறைக் குரலில் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

“இதை எங்க கண்ணு சொன்ன?”

“கோர்ட்டுலங்க மேடம்.”

சௌந்தர்யாவின் கட்சிக்காரருக்கு அச்சு அசலாக அதே வழக்கு. கூட்டுக் கிணறு, முறைத் தண்ணீர், மின்சாரம் போன நாள். இதற்குத் தீர்ப்பு உண்டா என்று செயற்கை நுண்ணறிவைக் கேட்டிருக்கிறாள். அது உண்ணாமலையின் வலைப்பூவைத் தின்றுவிட்டு, கெ.மே.தீ. என்பதை ஆங்கிலத்தில் கே.எம்.டி. என்று மாற்றி, மரியாதையாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. முன்சீப் நீதிபதி, “தீர்ப்புத் தொகுப்புகளில் எம்.எல்.ஜே. தெரியும், சி.டி.சி. தெரியும். கே.எம்.டி. என்பது என்னம்மா?” என்று கேட்டிருக்கிறார். “புது ரிப்போர்ட்டுங்க ஐயா,” என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வாய்தாவில் நகல் தாக்கல் செய்ய வேண்டும்.

“பொய்த் தீர்ப்பு சொன்னேன்னு என் மேல நடவடிக்கை எடுத்துருவாங்களா மேடம்? ஊட்டுல கடன் வாங்கிப் படிக்க வெச்சாங்க.” குரல் உடைந்தது.

“அழுவாத. அந்த ரெண்டு பேரும் நான் வளத்த புள்ளைங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

வாய்தா நாளில் கௌதமன் விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப்போனான். நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வழக்கைக் கூப்பிட்டார்கள். சௌந்தர்யா எழுந்து, அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று ஒப்புக்கொண்டு, மேற்கோளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். சொல் தடுமாறவில்லை. பிறகு உண்ணாமலை எழுந்தார்.

“ஐயா, இந்தக் கேஸுல நான் வக்கீல் இல்லைங்க. ஆனா அந்தத் தீர்ப்பை எழுதுன ஜட்ஜு நான்தானுங்க.”

கூடம் சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் இருக்க முயன்றது கௌதமனுக்குக் கடைசி வரிசையிலிருந்தும் தெரிந்தது. உண்ணாமலை நடந்ததைச் சொன்னார். கெ.மே.தீ. என்றால் என்ன என்றும் சொன்னார்.

“அந்தப் பெயர்களைத் தேடி உங்கள் பதிவுகளை நேற்றே படித்துப் பார்த்தேன்,” என்றார் நீதிபதி. “நன்றாக எழுதுகிறீர்கள். அதுதான் தொந்தரவு. எது நடந்தது, எது நடக்காதது என்று எனக்கே இரண்டு இடத்தில் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பெண் திரும்பப் பெற்றுவிட்டார். அவரை இத்தோடு விடுகிறேன். உங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டுக்கொள்கிறேன். இனி யாரும் ஏமாறாதபடி சரிசெய்துவிட்டு எனக்கு ஒரு மெமோ கொடுங்கள். முடியாது என்றால் அந்தக் கற்பனை வழக்குகளை எடுத்துவிடுங்கள்.”

“எடுக்கமாட்டனுங்க ஐயா. சரி பண்றேன். ஆனா பதிவு நெறைய இருக்குதுங்க. ஒவ்வொண்ணாப் படிக்கோணும். ஒரு...” நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். “ஒரு வாய்தா வேணுமுங்க.”

வலைப்பூவின் பெயர் அங்கிருந்த எல்லா வக்கீலுக்கும் தெரியும். இந்த முறை நீதிபதியும் சிரித்துவிட்டார்.

அன்றே உண்ணாமலை ‘நம் ஊரிலும் நடந்துவிட்டது’ என்று எழுதிப் போட்டார். எதையும் மறைக்கவில்லை, சௌந்தர்யாவின் பெயரை மட்டும் எழுதவில்லை. கெங்கவல்லி ரமேஷ்குமாரின் கருத்து: “வாய்தா வேண்டும் என்று பெயரை மாற்றவும்.”

நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே கௌதமன் ஒரு யோசனை சொல்லியிருந்தான்.

“பேரை எடுத்துட்டு அ, ஆன்னு போட்டுரலாம்மா. எவனும் கோர்ட்டுல போயி ‘அ எதிர் ஆ’ன்னு சொல்லமாட்டான்.”

“அ மோட்டார் போடுமா? ஆ வரப்புல நின்னு மண்ணை வாரித் தூத்துமா? போடா.” கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். “இதுல பொய் ஒண்ணு இருக்குன்னா மிச்சம் அத்தனையும் பொய்யின்னு ஆயிரும் சாமி. வேப்பமரத்தை வெட்டுனவனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? அந்த ரெண்டு பேரும் இருக்கோணும், எழுதுனது நெசமாவும் இருக்கோணும். அதுக்கு ஒரு வழி பண்ணு.”

வழிதான் அந்தக் குறிப்பு. வாசகத்தை அம்மாவே எழுதினார். “இந்தப் பதிவில் வரும் சின்னண்ணன், ராமாத்தாள் இருவரும் என் கற்பனை. அப்படி யாரும் இல்லை. இந்த வழக்கை எந்த நீதிமன்றத்திலும் சொல்லாதீர்கள்.” முதல் தவணையாகப் பாதிப் பதிவுகளில் அதை ஒட்டி வெளியிட்டார்கள். மீதியை ஒட்ட உட்கார்ந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கடலைக்காய்த் தட்டு காலியாகிற நேரம். கைப்பேசி அடித்தது. அம்மாவின் கை ஈரம். கௌதமன் ஒலிபெருக்கியில் போட்டான்.

“ஏனுங்க, வக்கீலம்மாங்களா?”

“ஆமாங்க. யாருங்க?”

“எருமப்பட்டிப் பக்கத்துலருந்து பேசறனுங்க. ராமாத்தாளுங்க.”

கௌதமன் விசையிலிருந்து கையை எடுத்தான். சுவாமிநாதன் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

“எந்த ராமாத்தாளுங்க?”

“நீங்க இல்லைன்னு எழுதிப்போட்ட ராமாத்தாளுங்க.”

உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரெண்டு மாடு வெச்சிருக்கறனுங்க. தெனமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறேன். அங்க இருக்கற செக்ரட்டரி நீங்க எழுதறதச் செல்லுல பாத்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாருங்க. ‘ராமாத்தக்கா, இன்னைக்கும் நீ தோத்துட்டே’ன்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன். இப்ப என்னடான்னா, ராமாத்தாள்னு ஒருத்தியே இல்லீன்னு வக்கீலம்மா எழுதிட்டாங்களாமா. நேத்து பாலக் கொண்டுபோனா ஒருத்தன் கேக்கறான், ‘இல்லாத ஆளு பாலை எப்பிடி அளக்கறது’ன்னு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “சிரிக்கறீங்களா?”

“இல்லீங்க இல்லீங்க.” கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “தப்பு என்மேலதானுங்க. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க.”

“நான் இருக்கறேன்னு எழுதுங்க. அப்புறம், ஒரு கேஸாச்சும் நான் ஜெயிக்கோணும்.”

“எந்தக் கேஸு வேணுமுங்க?”

அந்தப் பக்கம் உண்மையாகவே யோசித்தார்கள். பின்னால் ஒரு மாடு கத்தியது.

“அந்தக் கெணத்துக் கேஸு நல்லாத்தான் போச்சுங்க. கடைசீல கெணறு ஜெயிச்சுப்போச்சு.”

“அதுக்கு அப்பீல் இருக்குதுங்க. வியாழக்கெழமை நேர்ல வாரேன். பேசி முடிவு பண்ணலாம்.”

“அட, எதுக்குங்க அத்தன தூரம்? இருக்கறேன்னு ஒரு வரி எழுதுனாப் போதாதுங்களா?”

“பாக்காம இல்லைன்னு எழுதிப்போட்டேன். பாக்காமயே இருக்குன்னும் எழுதறதுங்களா?”

“அதுஞ் செரிதான். வாங்க. மத்தியானச் சோறு நம்மூட்டுல.”

வைத்துவிட்டார்கள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சுவாமிநாதன் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

“மாத்திரலாம்மா,” என்றான் கௌதமன். “‘அப்படி யாரும் இல்லை’ங்கறதை எடுத்துட்டு, ‘யாரையும் குறிக்காது’ன்னு போட்டா முடிஞ்சுது. ஒரு நிமிசம்.”

“வேண்டாம். அந்தம்மாளப் பாத்துட்டு வந்து, அவங்க ஒத்துக்கிட்டபடி எழுதறேன். அவங்க பேரை நான் கேக்காமத்தான எடுத்துக்கிட்டேன்.” மீண்டும் கண்ணாடியை இறக்கினார். “அடுத்தது காட்டு. அசல்.”

மாலை கௌதமன் ஓசூருக்குக் கிளம்பினான். திங்கட்கிழமை உண்ணாமலை பேருந்தில் போய் மெமோவைக் கொடுத்தார். பிற்பகல் தொலைபேசியில் கௌதமனிடம் சொன்னார்.

“‘எல்லாம் ஒட்டியாச்சுங்க ஐயா, ஆனா ஒரு வரி இன்னும் பொய்யா இருக்குதுங்க’ன்னு ஜட்ஜுகிட்டச் சொன்னேன். எருமப்பட்டிக் கதையச் சொன்னேன். ‘இன்னொரு வாய்தாவா?’ன்னு கேட்டாரு. தலைய ஆட்டுனேன். கூட்டமே கைதட்டுது. என்ற மானம் போச்சு.”

மானம் போனதாகக் குரலில் தெரியவில்லை. சௌந்தர்யாவின் வழக்கையும் சொன்னார். அவள் தீர்ப்பு எதையும் தேடாமல், அந்தக் கிணற்றில் மின்சாரம் போன நாட்களில் இத்தனை காலம் என்ன செய்து வந்தார்கள் என்று நான்கு தோட்டத்துக்காரர்களைக் கேட்டு, அதையே வாதமாக வைத்திருக்கிறாள். நீதிபதி கேட்டுக் குறித்துக்கொண்டாராம். “அது ஜெயிச்சா அசல் தீர்ப்பு. நான் எழுதலாம்,” என்றார். வியாழக்கிழமை எருமப்பட்டிக்கு எந்தப் பேருந்தில் போவது என்று அப்பாவிடம் கேட்டிருப்பதாகவும், அந்தம்மாளுக்கு அரைக் கிலோ நெய் வாங்கிக்கொண்டு போகலாமா, மாடு வைத்திருப்பவருக்கு யாராவது நெய் கொண்டுபோவார்களா என்றும் கேட்டார். பூ வாங்கிக்கொண்டு போங்கள் என்றான். சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை உண்ணாமலை குளித்துவிட்டு வந்து, முந்தைய நாள் தீர்ப்புகளைப் படிக்க உட்கார்ந்தார். சுவாமிநாதன் காப்பி கொண்டுவந்தபோது மேசையில் சாய்ந்திருந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார்.

நீதிமன்றத்து வக்கீல்கள் எல்லாரும் வந்தார்கள். சௌந்தர்யா வந்து, யாரும் கேட்காமலே வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். கெங்கவல்லியிலிருந்து ரமேஷ்குமார் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். கௌதமன் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. சிறிய மனிதர். “நான் எப்பவும் சின்னண்ணன் கட்சிங்க,” என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கௌதமனுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

வியாழக்கிழமை மதியம் கைப்பேசி அடித்தது. அம்மாவின் கைப்பேசி. கௌதமன் எடுத்தான்.

“ஏனுங்க, வக்கீலம்மா இருக்கறாங்களா?”

குரல் தெரிந்தது.

“அம்மா இல்லைங்க.”

“அப்பக் கெளம்பீட்டாங்க. எந்த பஸ்ஸுங்க? நான் ஸ்டாப்புலதான் நிக்கறேன்.”

தான் சொன்னதன் பொருள் அங்கே போய்ச் சேரவில்லை என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு முழுதாகச் சொன்னான்.

அந்தப் பக்கத்தில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு லாரி. ஒரு இருசக்கர வண்டி.

“அட சாமி,” என்றார் ராமாத்தாள். “நீ மவனா?”

“ஆமாங்க.”

“சாப்புட்டியா?”

“இனிமேத்தானுங்க.”

“போயிச் சாப்புடு. அப்பாவ உக்கார வெச்சுச் சாப்புட வையி.” மூக்கை உறிஞ்சினார். “கேஸு ஜெயிக்கறதெல்லாம் நான் சும்மா ஒரு இதுக்குச் சொன்னது. மனசுல வெச்சுக்காத.”

“அந்த வரிய மாத்தோணுமுங்க. நேர்ல பாத்துட்டுத்தான் மாத்துவேன்னு அம்மா சொன்னாங்க.”

“மெதுவா வா சாமி. என்ன அவசரம்? நான் எங்கியும் போவலை.”

குறிப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும். கௌதமன் இன்னும் மாற்றவில்லை. முதலில் எருமப்பட்டிக்குப் போய்வர வேண்டும்.